பெயரில்லாப் பெருமழை

2021 நவம்பர் 19 விடியற்காலையில் வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் வீடொன்றின் சுவர் இடிந்து விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். அதே இரவில்தான் வங்கக்கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்திருந்தது. அதற்குப் பெயரே இல்லை.

பெயர் இல்லாமற்போனதற்குக் காரணம் உண்டு. வட இந்தியப் பெருங்கடலில் சுழலும் காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டரை எட்டினால்தான் அது புயல் எனப்படும். அப்போதே பெயரும் சூட்டப்படும். இக்கடற்பகுதியில் 2004ஆம் ஆண்டு முதல் இம்முறை நடப்பில் உள்ளது. 2020இல் வெளியான புதிய பட்டியலில் பதின்மூன்று நாடுகள் தலா பதின்மூன்று பெயர்களை வழங்கின. இந்தியா அளித்தவற்றுள் 'முரசு', 'நீர்' என்னும் பெயர்களும் உள்ளன.

இவ்வியற்கை நிகழ்வு கடலுக்குக் கடல் வெவ்வேறு பெயர் பெறுகிறது. அட்லாண்டிக் பெருங்கடலில் அது 'ஹரிக்கேன்'. பசிபிக்கின் வடமேற்கில் 'டைஃபூன்'. இந்தியப் பெருங்கடலில் 'சைக்ளோன்'. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்பதை உருவாக்கியவர், கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். ஜப்பானியரோ பெயரைவிட அவ்வாண்டின் எத்தனையாவது புயல் என்னும் எண்ணையே பெரிதும் வழங்குகின்றனர். 2013இல் பிலிப்பைன்சைத் தாக்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 'ஹையான்', அந்நாட்டு மக்களுக்கு 'யோலாண்டா'.

பெயர் எதுவாயினும் அது அளப்பது காற்றைத்தான். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீர். 1970இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற புயலுக்கு இன்றைய முறைப்படியான பெயர் கிடையாது. அது அழித்த போலா என்னும் தீவின் பெயராலேயே அறியப்படுகிறது. ஆழமற்ற கடலும் தாழ்ந்த கழிமுகமும் சேர்ந்து அலையைச் சுவர்போல் எழுப்பின.

பாலாற்றங்கரைக்குக் கடலலை வராது, மழை வரும். 2020 நவம்பரில் ஈரான் பெயரிட்ட 'நிவர்' புதுச்சேரி அருகே மிகத் தீவிரப் புயலாகக் கரையேறியபோது, முன்கூட்டியே மாநிலமெங்கும் பொது விடுமுறை விடப்பட்டது. பெயரைக் கேட்டதும் மக்கள் விழித்துக்கொண்டனர். மறு ஆண்டு வந்த பெயரற்ற மண்டலத்திற்கு அத்தகைய எச்சரிக்கையுணர்வு எழவில்லை. பல நாள் மழையில் ஏற்கெனவே நிறைந்திருந்த ஏரிகளும் ஊறிப்போன மண்சுவர்களும் மேலும் ஒரு மழையைத் தாங்கவில்லை. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு கரைபுரண்டது. வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கும் மேல் நீர் பாய்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிலாளர்களுக்கு மழைக்காலம் எப்போதுமே கடினமானது. ஈரக்காற்றில் தோல் காய்வதில்லை; வேலை நின்றால் நாட்கூலியும் நின்றுவிடும்.

தமிழில் 'புயல்' என்னும் சொல் முற்காலத்தில் காற்றைக் குறிக்கவில்லை என்பது இங்கு எண்ணத்தக்கது. சங்கப் பாடல்களில் அது மேகம். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் அது மழை. கடற்கரைக்கு இன்றைய பொருள் பொருந்துகிறது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வேலூருக்குப் பழைய பொருளே பொருந்தும்.

பாலாறு இவ்வாறு சீறியது முதன்முறையன்று. 1903 நவம்பர் 12 அன்று, மேலே மைசூர் அரசின் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் ஏறத்தாழ இருநூறு பேரை அடித்துச் சென்றது. அந்த மழைக்கும் பெயர் இல்லை. மாண்டோர்க்கு எழுப்பிய நினைவுத் தூண் மட்டும் அவ்வூரில் நிற்கிறது. நவம்பர் 12 அன்று ஊரார் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.