முகமே சாட்சி

மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். தராவிட்டால் பணம் நின்றுவிடும். 2014இல் விரல் ரேகை வைத்துச் சான்று தரும் முறை வந்தது. ஆனால் ரயில் தண்டவாளத்தில் உழைத்தவரின் ரேகை தேய்ந்திருக்குமே! கருவி எப்படி ஏற்கும்?

2021இல் முகம் காட்டும் முறை வந்தது. வீட்டிலிருந்தே செல்போனில் முகத்தைக் காட்டலாம். கண்ணை இமைக்க வேண்டும். வெறும் படத்தைக் காட்டி ஏமாற்றக் கூடாதல்லவா? கண், மூக்கு, தாடையின் அமைப்பைக் கணினி எண்களாக மாற்றுகிறது. ஆதார் படத்துடன் ஒப்பிடுகிறது. பல முகங்களைப் பார்த்துக் கற்ற இந்தத் திறனைச் செயற்கை அறிவு என்பர்.

வயதானால் பல் விழும். கன்னம் ஒட்டும். கணினி மறுத்தால் அஞ்ச வேண்டாம். வங்கிக்கு நேரில் சென்று, படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அதுவும் செல்லும்.