கெர்னலில் ஓர் அரங்கேற்றம்

கணிப்பொறியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைப்பது இயங்குதளம். அதன் உட்கருவைக் கெர்னல் என்பர். 1991ஆம் ஆண்டில் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், 1992 முதல் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் மூல நிரலுடன் வழங்கப்பட்டு வருகிறது. அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். ஆயின் எழுதியதெல்லாம் அதனுள் ஏற்கப்பட்டுவிடும் என்பதில்லை. புதிய கருவி ஒன்றிற்கான டிரைவரை எழுதி அதனுள் சேர்ப்பது எவ்வாறு என்பதையும், சேர்த்தவர் மீது அது சுமத்தும் பொறுப்பையும் ஈண்டுக் காண்போம்.

டிரைவர் செய்வது என்ன?

கணிப்பொறியில் பொருத்தப்படும் அட்டை ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் எண், கருவி எண் என இரண்டைத் தன்னுள் கொண்டிருக்கும். டிரைவர் தனக்குரிய எண்களை அட்டவணையாக முன்னரே அறிவித்து வைக்கும். எண்கள் பொருந்தியவுடன் கெர்னல் அந்த டிரைவரை அழைத்துக் கருவியை அதனிடம் ஒப்படைக்கிறது. பின்னர்க் கருவியின் பதிவகங்களில் எழுதுவதும், அவற்றைப் படிப்பதும், கருவி எழுப்பும் குறுக்கீடுகளுக்கு மறுமொழி தருவதும் டிரைவரின் வேலையாகும். குறுக்கீட்டைக் கையாளும் பகுதி எதற்காகவும் காத்து உறங்கலாகாது என்பது அங்குள்ள கடுமையான விதி. சாதாரண மென்பொருளில் பிழை நேர்ந்தால் அம்மென்பொருள் மட்டுமே நிற்கும். டிரைவரில் நேர்ந்தாலோ பொறி முழுதுமே நின்றுவிடக்கூடும். கெர்னலின் மூல நிரலில் பாதிக்கு மேற்பட்டது டிரைவர்களே என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கினால், ஆய்வோர் ஏன் இத்துணைக் கண்டிப்புடன் இருக்கின்றனர் என்பது விளங்கும்.

ஆவணம் இல்லாத கருவி

தயாரிப்பாளர் தம் சில்லின் பதிவகங்களை விளக்கும் ஆவணத்தைத் தராவிடில் டிரைவர் எழுதுவோர் என்ன செய்வர்? பிராட்காம் நிறுவனத்தின் கம்பியில்லா வலைச் சில்லுகள் இதற்குத் தக்க சான்று. பல மடிக்கணினிகளில் அவை இருந்தும் லினக்ஸில் பேசாதிருந்தன. தன்னார்வலர் இரு குழுவாகப் பிரிந்தனர். ஒரு குழு, நிறுவனத்தின் இருமக் கோப்பைப் பிரித்து ஆராய்ந்து, சில்லு எவ்வாறு நடக்கிறது என்பதை மட்டும் விளக்கமாக எழுதியது. மற்றக் குழு அக்கோப்பைக் கண்ணாலும் காணாமல், விளக்கத்தை மட்டும் கொண்டு புதிதாக நிரல் எழுதிற்று. பிறர் நிரலைப் படியெடுத்தனர் என்னும் பழி வராதிருக்கவே இப்பிரிவினை. அந்த டிரைவர் 2006இல் 2.6.17ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அப்போதும் சில்லினுள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தமையால், பயனர் அதனைத் தனியே பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சில்லுகளுக்கான டிரைவரைத் தானே மூல நிரலுடன் வெளியிட்டது. அதுவும் நேரே உள்ளே புகவில்லை. தரம் குறைந்தவற்றைத் திருத்துவதற்கென 2008இல் ஏற்படுத்தப்பட்ட 'ஸ்டேஜிங்' பகுதியில் அமர்ந்து, பலருடைய திருத்தங்களைப் பெற்று, 2012 தொடக்கத்தில் வெளிவந்த 3.2ஆம் பதிப்பில்தான் உரிய இடத்தை அடைந்தது. நிறுவனத்தின் பெயர் வாயிலைத் திறக்கவில்லை என்பது எமக்கு மகிழ்வளிக்கும் செய்தி.

அவையும் பாயிரமும்

நம் பழம்புலவர் நூலை அரங்கேற்றியபோது அவையோர் தடைகளை எழுப்ப, புலவர் விடை கூறியது போன்றதே இங்கும் நடைமுறை. டிரைவர் ஒரே மூட்டையாக அனுப்பப்படுவதில்லை. தனித்தனிப் பொருளுடைய சிறு பேட்சுகளாகப் பகுத்து, வெறும் எழுத்து வடிவில் மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். எந்தப் பேட்சோடு நிறுத்தினாலும் கெர்னல் பழுதின்றித் தொகுபட வேண்டும். ஆய்வோர் வரிக்கு வரி வினவுவர். எழுதியவர் விடை கூறி இரண்டாம், மூன்றாம் வடிவங்களை அனுப்புவார். முன்னதிலிருந்து மாறியது எது என்பதையும் குறிப்பார்.

ஒவ்வொரு பேட்சின் தலையிலும் ஒரு விளக்கவுரை உண்டு. ஆக்கியோன் பெயர், நுதலிய பொருள், பயன் முதலியவற்றைப் பாயிரம் கூறவேண்டும் என்னும் நன்னூல் மரபை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. என்ன மாற்றினோம் என்பதைவிட ஏன் மாற்றினோம் என்பதே அவ்வுரையின் உயிர். நிரலைப் பார்த்தே முன்னதை அறியலாம். பின்னதை எழுதியவரே சொல்லவேண்டும்.

உரையின் ஈற்றில் எழுதியவர் கையொப்ப வரி இடுகிறார். லினக்ஸில் தன் நிரல் கலந்துள்ளதென்று வாதிட்டு எஸ்.சி.ஓ. நிறுவனம் 2003இல் ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாக 2004இல் இவ்வழக்கம் வந்தது. இந்நிரல் நான் எழுதியது, அல்லது இவ்வுரிமத்தில் இதனை வழங்க எனக்கு உரிமை உண்டு என்பதே அவ்வரியின் பொருள். பெயர் மறைத்து வழங்குவோர்க்கு அங்கு இடமில்லை. ஒரு நிறுவனத்தில் ஊதியம் பெறுவோர், தாம் எழுதியதை வழங்கும் உரிமை தமக்குண்டா என்பதை முன்கூட்டியே தெளிந்துகொள்ள வேண்டும். ஊக்கமிகுந்த இளைஞர் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

ஏற்கப்பட்ட பின்

ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது. அதற்குரிய புதியவை முதல் இரு வாரங்களில்தான் சேர்க்கப்படுகின்றன. கெர்னலின் உள்ளிணைப்புகள் என்றும் ஒரேபடி இருக்குமென்ற உறுதி கிடையாது. அவற்றை மாற்றுபவரே மூல மரத்தினுள் உள்ள டிரைவர்களையும் மாற்றத்திற்கேற்பத் திருத்தித் தருவது வழக்கம். வெளியே நிற்கும் டிரைவருக்கு அந்த உதவி கிட்டாது. உள்ளே சேர்வதன் பெரும்பயன் இதுவே.

எனினும் கருவியைக் கையில் வைத்துச் சோதிப்பவர் ஒருவர் வேண்டும். அதற்கெனப் பராமரிப்பாளர் பட்டியல் என ஒரு கோப்பு உண்டு. ஊதியம் பெற்றுப் பேணுவோர், தாமே பேணுவோர், அவ்வப்போது மட்டும் திருத்துவோர் என நிலைகள் அதில் பிரிக்கப்பட்டுள்ளன. பேணுவார் எவருமில்லாத பகுதிக்கு நேரும் நிலைக்கு அக்கோப்பு இட்ட பெயர் 'அநாதை'. புதிய டிரைவருடன் வருபவரிடம், இப்பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கும் பேட்சும் எதிர்பார்க்கப்படுகிறது.