மூச்சு வாங்கட்டும்

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். மாலையில் கண்ணமங்கலத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளோடு ஓடுகிறேன். ராணுவத்துக்குப் பலரை அனுப்பிய பக்கத்து ஊர் கம்மவான்பேட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் பாதிப் பேருக்கு ராணுவக் கனவு; மீதிப் பேருக்குக் காவலர் தேர்வு. எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “மூணாவது ரவுண்டுல கால் இழுக்கவே மாட்டேங்குதே, ஏண்ணே?”

வேகம் ஏற ஏற, தசை சர்க்கரையை அவசர அவசரமாக உடைக்கிறது. லாக்டேட் என்ற பொருள் சேர்கிறது, கூடவே அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளும் பெருகுகின்றன. ஓய்வில் 7-ஐ ஒட்டியிருக்கும் தசையின் பிஎச் (அமிலம் கூடினால் குறையும் அளவு), கடும் ஓட்டத்தில் 6.5 அளவுக்குக்கூட இறங்கும்; கால் தளர அதுவும் ஒரு காரணம். ரத்தமோ அவ்வளவு தாழ முடியாது, வழக்கமாக 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். அங்கே முதல் காவல் பைகார்பனேட். அமிலம் கூடிய சாயத் தொட்டியில் சோடாவைப் போட்டால் பொங்கிக்கொண்டு கிளம்புமே கரியமில வாயு, ரத்தத்திலும் நடப்பது அதே வினைதான். தொட்டியிலிருந்து வாயு தானாகப் போய்விடும். உடம்பிலிருந்து அதை நுரையீரல்தான் வெளியேற்ற வேண்டும். கழுத்து ரத்தக்குழாயில் உள்ள உணர்விகள் அமிலம் ஏறுவதைக் கண்டதும் மூளைக்குச் சொல்ல, மூச்சு வேகமெடுக்கிறது. சிறுநீரகமும் அமிலத்தைக் கழிக்கும். ஆனால் அதற்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். ஓடும்போது கைகொடுப்பது மூச்சு மட்டும்தான்.

அதனால், வாயை மூடி மூக்கால் மட்டுமே மூச்சுவிட்டு ஓடச் சொல்லும் அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை. மூச்சு வாங்குவது பலவீனம் இல்லை. வாயைத் திற, நன்றாக வெளியே ஊது.

காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றுக்கு 112 விநாடி. பயிற்சி போதாத பையன் முதல் சுற்றை 80 விநாடியில் பறந்தால், அமிலத்தை அப்போதே ஏற்றிவிட்டு மீதித் தூரத்தையும் அதோடு சுமக்கிறான். கூட்டம் முந்தினாலும் முந்தட்டும், முதல் சுற்றில் கடிகாரத்தைப் பார்.

கோட்டைத் தாண்டியதும் பொத்தென்று படுத்துவிடாதே. பத்துப் பதினைந்து நிமிடம் நட, அல்லது மெதுவாக ஓடு. லாக்டேட் விஷம் இல்லை. இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், கல்லீரல் அதை மறுபடி சர்க்கரையாக்கும். கால் அசைந்துகொண்டிருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும். எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் தொடை வலிப்பதற்குக் காரணம் தசை இழைகளில் விழும் நுண்ணிய சேதம். அதற்கு அமிலத்தைக் குறை சொல்லாதீர்கள்.

ஆப்பசோடாவும் பைகார்பனேட்தானே, கரைத்துக் குடித்தால் வேகம் கூடுமா என்று அண்மையில் ஒரு தம்பி கேட்டான். உயர்மட்ட வீரர்களில் சிலர் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் வரை எடுப்பது உண்மை. குறுகிய கடும் ஓட்டங்களில் கொஞ்சம் பலனும் உண்டு. ஆனால் 60 கிலோ ஆளுக்கு அது 18 கிராம். அதில் சோடியம் மட்டுமே கிட்டத்தட்ட 5 கிராம். ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2 கிராம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தேர்வு நாளன்று வந்தால் என்ன செய்வது? ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அவனுக்கு நான் சொன்னது வாரம் ஒருமுறை 400 மீட்டர் வேக ஓட்டம், நடுவில் நல்ல இடைவெளி விட்டு. பழகப் பழகத் தசையே அமிலத்தைத் தாங்கவும் வெளியேற்றவும் கற்றுக்கொள்ளும்.