மண்ணுக்கடியில் ஒரு மெட்ரோ: விளையாட்டு சொல்லித் தரும் பாடம்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



கம்ப்யூட்டர் கேம் என்றாலே, படிக்கிற பையனைக் கெடுக்கிற சமாச்சாரம் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் அவர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நகரம் கட்டும் விளையாட்டில் ஒரு மெட்ரோ ரயில் அமைப்பைத் திட்டமிட்டுப் பார்த்தால், நம் பாடப் புத்தகத்தில் உள்ள போக்குவரத்துப் பொறியியல் கண்முன்னே ஓடுகிறது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இந்த வகை விளையாட்டுகளுக்கு வழிகாட்டியது 1989-ல் வந்த சிம்சிட்டி. அதன் அடுத்த பதிப்பான சிம்சிட்டி 2000, 1993-ல் வந்தபோதுதான் அதில் சுரங்க ரயில் சேர்ந்தது. நான் இங்கே எடுத்துக்கொள்வது பின்லாந்து நாட்டின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கி, 2015-ல் வெளியான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ். இதில் நாம்தான் மேயர். ரோடு, குடியிருப்பு, தொழிற்பேட்டை எல்லாம் நாமே அமைக்க வேண்டும். அதில் சாதாரண பஸ் ஒன்றில் 30 பேர் ஏறலாம், மெட்ரோ ரயிலில் 180 பேர் ஏறலாம். ஒரு ரயில் ஆறு பஸ்ஸுக்குச் சமம். ஆனாலும் பல பேர் போடுகிற மெட்ரோ காலியாகவே ஓடும். ஏன்?

1. முதலில் ஆள், பிறகு கோடு

காலி நிலத்தில் ஸ்டேஷன் வைத்தால் யார் வருவார்கள்? வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடம் ஒரு முனை, வேலை இருக்கும் இடம் மறு முனை. இந்த இரண்டையும் இணைப்பதுதான் முதல் லைன். ஸ்டேஷன் வரை நடக்க முடியாதவர்களுக்குக் குட்டி பஸ் ரூட் போட்டு, ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து விட வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு என்பதால், கண்ட இடத்தில் வைத்தால் கஜானா காலி.

2. நீளக் கோடா, கூட்டல் குறியா?

12 ஸ்டேஷன்களை ஒரே நேர்க்கோட்டில் வைத்தால், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 11 இடைவெளி. அதே 12 ஸ்டேஷன்களைக் கூட்டல் குறி மாதிரி, நடுவில் ஒரு பொது ஸ்டேஷனோடு இரண்டு லைனாக (7-ம் 6-ம்) வைத்துப் பாருங்கள். பாதையின் மொத்த நீளம் அதே 11 இடைவெளிதான். ஆனால் அதிகபட்சப் பயணம் 6 இடைவெளிதான்! ஓர் இடைவெளிக்கு 2 நிமிடம் என்றால், 22 நிமிடம் 12 ஆகக் குறைகிறது. செலவு கூடவில்லை, வரைந்த விதம்தான் மாறியது.

3. காத்திருக்கும் நேரமும் பயண நேரமே

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கூட்டல் குறியில் நடுவில் இறங்கி ரயில் மாற வேண்டுமே! 7 ஸ்டேஷன் லைனில் ஒரு ரயில் போய்த் திரும்ப 24 நிமிடம். அதில் 4 ரயில் விட்டால் 6 நிமிடத்துக்கு ஒன்று வரும். மாறுகிறவர் சராசரியாக 3 நிமிடம் நிற்பார். மொத்தம் 15 நிமிடம், லாபம்தான். சிக்கனம் என்று ஒரே ஒரு ரயில் விட்டால்? 24 நிமிடத்துக்கு ஒன்று, சராசரியாக 12 நிமிடம் நிற்க வேண்டும். மொத்தம் 24 நிமிடம். பழைய நேர்க்கோடே மேல் என்றாகிவிடும்!

இரண்டு பஸ் மாறி கல்லூரிக்கு வருகிற நம்மில் பலருக்கு இதை விளக்கவே தேவையில்லை. முதல் பஸ் ஐந்து நிமிடம் லேட்டானால் அடுத்த பஸ் போய்விடும், முதல் பீரியடும் போய்விடும். மேப்பில் பார்த்தால் ரூட் இருக்கத்தான் செய்கிறது. வண்டி வரணுமே!

4. வட்டப் பாதையில் கவனம்

விளையாட்டில் ஸ்டேஷன்களை வட்டமாகக் கிளிக் செய்து முடித்தால் ரயில் ஒரே திசையில்தான் சுற்றும். 8 ஸ்டேஷன் வட்டத்தில், பின்னால் இருக்கும் ஸ்டேஷனுக்குப் போக 7 இடைவெளி சுற்ற வேண்டும். எனவே எதிர்த்திசையிலும் ஒரு லைன் கட்டாயம். மாஸ்கோவில் 1950 முதல் 1954 வரை திறக்கப்பட்ட 12 ஸ்டேஷன் வட்டப் பாதையில் இரு திசையிலும் ரயில் ஓடுகிறது. லண்டன் சர்க்கிள் லைனில் வேறொரு சிக்கல். முடிவே இல்லாத வட்டத்தில், தாமதமான ரயில் நின்று நேரத்தைச் சரிசெய்ய இடமில்லை. அதனால் 2009-ல் வட்டத்தை உடைத்து, ஒரு முனையை ஹாமர்ஸ்மித் வரை நீட்டினார்கள்.

5. மாறும் இடத்தில் நெரிசல் வேண்டாம்

இரண்டு லைனும் ஒரே தண்டவாளத்தில் ஒரே பிளாட்ஃபாரத்துக்கு வந்தால், முன் ரயில் கிளம்பும் வரை பின் ரயில் நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் தனித்தனி ஸ்டேஷன் வைத்தால் ஜனங்கள் நடந்தே மாறிக்கொள்வார்கள்.

விளையாட்டில் சுரங்கம் தோண்ட ஒரு கிளிக் போதும். நிஜத்தில் மண் பரிசோதனை, நிலத்தடி நீர், மேலே நிற்கும் கட்டிடங்களின் அஸ்திவாரம் என்று நம் சிவில் பாடம் முழுவதும் அங்கே வந்து நிற்கும். ஆகவே, விளையாட்டு நமக்குப் பயிற்சி மட்டுமே.

நண்பர்களே! டிப்ளமோ முடித்து நாளை நாம் ஏதோ ஓர் அலுவலகத்தில் ரோட்டையோ பஸ் நிறுத்தத்தையோ வரையப் போகிறோம். அப்போது கோடு அழகாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். ஊர்க்கோடியில், கடைசி நிறுத்தத்தில் நிற்கிறவர் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேருவாரா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கணக்குக்குக் கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.