சாயம் வெளுத்ததும் நிலைத்ததும்

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. கசக்கிய பின்னும் அந்தக் கந்தையில் நிறம் நிற்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? இதை நாங்கள் ஒரு தவற்றின் மூலமே கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், தையற்கடைகளில் வெட்டி எறியும் வெள்ளைப் பருத்தித் துண்டுகளை எங்கள் வகுப்பினர் சேகரித்தோம். அவற்றை மஞ்சள் நீரிலும் பீட்ரூட் சாற்றிலும் முக்கி உலர்த்தினோம். பிறகு சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, 12 தலையணை உறைகள் தைத்தோம். முதியோர் இல்லத்துப் பாட்டிமார்களின் கைகளில் அவற்றைக் கொடுத்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து மீண்டும் அங்கே சென்றோம். பீட்ரூட்டின் இளஞ்சிவப்பு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. மஞ்சள், வெயிலில் வெளிறித் திட்டுத் திட்டாக நின்றது. ஈரத் தலையுடன் படுத்த ஒரு பாட்டியின் வெள்ளைச் சேலை முந்தானையில் மஞ்சள் கறை ஏறியிருந்தது. துணியின் சாயத்தோடு எங்கள் பெருமையின் சாயமும் வெளுத்துப்போனது. எங்களில் இருவர் அழுதேவிட்டோம்.

அந்தப் பாட்டியோ சிரித்தார். இளமையில் சுங்கடிச் சேலைகளுக்கு முடிச்சுப் போட்டுப் பிழைத்தவர் அவர். "இதுக்குப் போய் அழுவாங்களா தாயி? துணிக்கு முதல்ல கடுக்காய்த் தண்ணி காட்டணும். அப்புறம் படிகாரம். அதுக்கப்புறந்தான் சாயம். நீங்க கடைசி வேலையை முதல்ல செஞ்சுட்டீங்க" என்றார்.

பாட்டி சொன்னதன் காரணத்தை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டறிந்தோம். தாவரச் சாயங்களில் பல, பருத்தி இழையைத் தாமாகப் பற்றிக்கொள்வதில்லை. நீர் பட்டதும் வந்த வழியே போய்விடுகின்றன. இழையையும் சாயத்தையும் இணைக்கும் பொருளுக்குச் சாயமூன்றி என்று பெயர். படிகாரத்திலுள்ள அலுமினியம் அத்தகைய ஒன்று. ஆனால் அதுவும் பருத்தியில் தனியாக நன்கு ஒட்டாது. கடுக்காயின் துவர்ப்புப் பொருளாகிய டானின் பருத்தியைப் பற்றுகிறது. டானினை அலுமினியம் பற்றுகிறது. அலுமினியத்தைச் சாயம் பற்றுகிறது. ஒருவர் கையை ஒருவர் பிடித்து நிற்பது போன்ற வரிசை இது. நடுவில் ஒருவர் இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

இது நம் நாட்டின் பழைய அறிவு. இந்தியத் துணிகளின் நிறம் துவைத்தாலும் போகாதது கண்டு ஐரோப்பியர் வியந்தனர். அந்த முறையை விசாரித்து அறிந்த கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு, 1742-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து அதை ஒரு மடலாக எழுதி அனுப்பினார். துணியில் சித்திரம் தீட்டுவதற்கு முன் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் அதை ஊற வைப்பதை அவர் விவரித்துள்ளார். பாலிலுள்ள கொழுப்பு, தீட்டிய கோடு பரவாமல் தடுக்கிறது.

இனி நாங்கள் இரண்டாம் முறை செய்த விதத்தைக் கூறுகிறோம். 100 கிராம் துணிக்கு இந்த அளவுகள் போதும்.

1. துணியைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்து, கஞ்சிப் பசை முழுவதும் போகும்படி அலச வேண்டும்.

2. 20 கிராம் கடுக்காய்ப் பொடியை 2 லிட்டர் நீரில் கரைத்து, துணியை ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். பின் அலசாமல் பிழிந்து உலர்த்த வேண்டும்.

3. 20 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, 2 லிட்டராக்கி, அதிலும் ஓர் இரவு ஊற வைத்து, இலேசாக அலச வேண்டும்.

4. 100 கிராம் வெங்காயச் சருகை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்ட வேண்டும். அந்நீரில் துணியை இட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிட வேண்டும். பொன்னிறம் கிடைக்கும்.

5. நன்கு அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்புச் சட்டியில் நிறம் கறுத்துவிடும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. கறுப்பு நிறமே வேண்டுமென்றால், துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் போட்டு வைத்து, அந்நீரைச் சிறிதளவு கலந்த தண்ணீரில் கடுக்காய் ஏறிய துணியை நனைத்தால் போதும். அளவு மிஞ்சினால் நூல் இற்றுவிடும்.

மஞ்சளையும் பீட்ரூட்டையும் நாங்கள் விட்டுவிட்டோம். படிகாரம் இட்டாலும் மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது. பீட்ரூட்டின் நிறமோ அடுப்புச் சூட்டிலேயே கெட்டுவிடும்.

உறையின் நடுவே வைக்கக் கம்பளிப் பூக்களும் செய்தோம். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உள்ளன. வெந்நீரும் சோப்பும் இட்டுத் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று பின்னி, தையலே இல்லாமல் கெட்டியான ஃபெல்ட் துணியாகின்றன. காஷ்மீரத்து நம்தா விரிப்புகள் இப்படித்தான் உருவாகின்றன. கடைகளில் 'உல்லன்' என்று விற்கும் நூலில் பெரும்பாலானது அக்ரிலிக், அது பின்னாது. ஒரு நுனியைக் கொளுத்திப் பார்க்கலாம். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகி மணியாக இறுகினால் அக்ரிலிக்.

கடைசியாக, முதல் தடவை செய்யத் தவறிய சோதனைகள். சாயமிட்ட துண்டைச் சோப்பு நீரில் நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்திப் பார்த்தோம். இன்னொரு துண்டின் பாதியை அட்டையால் மூடி, ஒரு வாரம் வெயிலில் வைத்து இரு பாதிகளையும் ஒப்பிட்டோம். இரண்டிலும் தேறிய துண்டுகளை மட்டுமே தைத்தோம்.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு வாரமே ஆயிற்று. அந்த ஒரு வாரத்தை முதலில் நாங்கள் ஏன் ஒதுக்கவில்லை? எங்கள் வீட்டுக்கென்றால் ஒரு முறையாவது துவைத்துப் பார்த்திருப்போம். 'இலவசமாகக் கொடுப்பதுதானே' என்ற எண்ணம் எங்கள் மனத்தின் ஓரத்தில் இருந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

யோப்பா நகரத் தபித்தா கைம்பெண்களுக்கு ஆடைகள் செய்து கொடுத்தவர். அவர் இறந்தபோது அப்பெண்கள் அந்த ஆடைகளைக் காட்டி அழுதார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. எடுத்துக் காட்டும் அளவுக்கு அவை நிலைத்திருந்தன அல்லவா!

புதிய உறைகளைப் பாட்டியிடம் கொடுத்தோம். அவர் ஒரு மூலையை நனைத்து, தம் வெள்ளை முந்தானையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். கறை படவில்லை. "இப்ப சரி" என்றார். ஆண்டு முழுவதும் நாங்கள் வாங்கிய மதிப்பெண்களில் அதையே பெரிதாக எண்ணுகிறோம்.