இயந்திரத்தின் காய்ச்சல்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதை, பழைய மோட்டார் வண்டிகளுக்குக் கடுஞ்சோதனையாகும். சமவெளியில் யாதொரு குறையும் காட்டாது ஓடிய வண்டி, கொண்டை ஊசி வளைவுகள் சிலவற்றைக் கடந்ததும் சோர்ந்து, முகப்பில் நீராவியைக் கக்கி நின்றுவிடுவதுண்டு.

வாடகைக்கு அம்பாசிடர் வண்டி ஓட்டிப் பிழைத்த ஓட்டுநர் ஒருவருக்கு இவ்விடர் ஓயாது நேர்ந்தது. வங்காளத்து உத்தர்பாராவில் உருவாகி, 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன இனத்தைச் சேர்ந்தது அவ்வண்டி. ஒருவர் சொற்கேட்டு ரேடியேட்டரைக் கழுவினார். மற்றொருவர் சொற்கேட்டு நீரேற்றும் பம்பை மாற்றினார். மூன்றாமவர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியச் சொன்னார். கடன் வளர்ந்ததேயன்றிக் கொதிப்புத் தணியவில்லை. ஒருநாள் சரிவில் வண்டி நின்றபோது, துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் சீறிப் பாய்ந்து அவரது முன்கையைப் பொசுக்கிற்று.

அவ்வாறு நீர் சீறியதன் காரணம் அறியத்தக்கது. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீரே வாங்கிச் சென்று காற்றில் விடுகிறது. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 1,800 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். இக்குறையை நீக்கவே மூடியில் ஒரு வில் அமைந்துள்ளது. அஃது உள்ளே அழுத்தத்தைத் தேக்கிக் கொதிநிலையை உயர்த்துகிறது. சூடான வேளையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கும். அதுகாறும் கொதியாதிருந்த நீர் ஒரே நொடியில் பொங்கி ஆவியாய்ப் பாயும். துண்டு அதனைத் தடுக்காது. வண்டி நன்கு ஆறிய பின்னரே மூடியைத் தொடவேண்டும். கொதித்த இயந்திரத்தில் திடீரெனக் குளிர்நீர் ஊற்றுவதும் தீங்கே, வார்ப்பிரும்பு வெடித்துவிடக்கூடும்.

கையில் கட்டுடன் அவ்வோட்டுநர் மேட்டுப்பாளையத்தில் முதிய வினைஞர் ஒருவரை நாடினார். மாற்றிய பாகங்களை அவர் அடுக்கத் தொடங்கவே, முதியவர் இடைமறித்தார்.

“அது கிடக்கட்டும், தம்பி. வண்டி எந்த வேளையில் கொதிக்கிறது? அதை முதலில் சொல்லுங்கள்.”

“சந்தைக் கூட்டத்தில் நின்றாலும் கொதிப்பதில்லை, ஐயா. இரண்டாம் கியரில் மலையேறும்போதுதான் கொதிக்கிறது.”

இவ்விடையிலேயே பாதி நோய் வெளிப்பட்டுவிட்டது. நிற்கும்போது கொதித்து, ஓடும்போது தணியுமாயின் காற்றின் குறை எனலாம். விசிறியையும் அதன் பெல்ட்டையும் நோக்கவேண்டும். பெல்ட்டின் நடுவைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குல அளவே தாழ்வது நன்று. மாறாக, இயந்திரம் விரைந்து உழைக்கும்போது மட்டும் கொதிக்குமாயின், நீரோட்டத்தின் குறையையே முதலில் ஐயுறவேண்டும். பொறி காலந்தாழ்ந்து எழுவதும், பிரேக் விடாது பற்றியிருப்பதும் இத்தகைய கொதிப்பைத் தருவனவே. ஆயினும், சற்று ஓடிய வண்டியின் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தால் பிரேக்கின் குற்றம் தெரிந்துவிடும்.

முதியவர் ஆறிய இயந்திரத்தின் மூடியைத் திறந்து, அதனை ஓடவிட்டு நீரை உற்றுநோக்கினார். இடைவிடாத குமிழிகள் எழவில்லை. எண்ணெய் அளக்கும் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் மோர்போல் வெளுத்திருக்கவில்லை. ஆதலின் சிலிண்டர் தலையின் கேஸ்கட் கெடவில்லை எனத் தேறினார். ஓட்டுநருக்குப் பெரிதும் ஆறுதல் அளித்த செய்தி அதுவே. அச்செலவை அவர் தாங்கியிருக்கமாட்டார். பின்னர் மூடியை இட்டு, வண்டியைச் சூடேற்றி நிறுத்தி, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை மெல்ல நகர்த்திப் பார்த்தார். உப்புநீர்க் காறை அடைத்த குழாய்கள் இருப்பின் அவ்விடம் மட்டும் குளிர்ந்திருக்கும். எங்கும் ஒரே சூடு இருந்தது.

இனி எஞ்சியது ஒரு சோதனை. பணியாள் ஒருவனை விசைமிதியை அழுத்தச் செய்து, விசிறிக்கு எட்டாது ஒதுங்கி நின்று, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குச் செல்லும் இரப்பர்க் குழாயை நோக்கினார். மெல்ல ஓடுகையில் அக்குழாய் உருண்டையாகவே இருந்தது. வேகம் மிகுந்ததும், இளநீர் பருகும் காகிதக் குழல் அடைத்துக்கொண்டால் ஒட்டிப்போவதுபோல, அதன் நடு உள்வாங்கித் தட்டையாயிற்று! வேகம் குறைந்ததும் பழைய உருவை எய்திற்று. பம்பு உறிஞ்சும் வலிமையை முதிர்ந்த இரப்பர் தாங்கவில்லை. புதிய பம்பு பொருத்தியவர் கண்ணுக்கும் இக்குறை தென்படாததில் வியப்பில்லை. நிற்கும் வண்டியில் அஃது இருப்பதேயில்லை.

குழாயைக் கழற்றிப் பிளந்தபோது, உள்ளிருந்த கம்பிச்சுருள் துருவேறித் துண்டுதுண்டாய் உதிர்ந்தது. புதிய குழாயும் சுருளும் பொருத்தப்பெற்றன. தெர்மோஸ்டாட் இன்றி ஓடும் இயந்திரம் சமவெளியில் உரிய சூட்டை எய்தாது தேயும் என்பதால், புதிய தெர்மோஸ்டாட் ஒன்றைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் இட்டு, அது திறப்பதைக் கண்டபின் அதனையும் முதியவர் பூட்டினார்.

மறுநாட் காலையில் வண்டி மலையேறிற்று. பர்லியாறு கடந்தும் வெப்பமானியின் முள், நடுவைவிட்டுச் சற்றே உயர்ந்து அங்கேயே நின்றது.