கிராங்க் நேராக இருக்கிறதா? அளந்து பார்க்கும் முறை

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் அப்பா ஓட்டிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இன்னும் இருக்கிறது. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100, மைசூரில் செய்த எஸ்டி ஆகியவை என் பட்டறைக்கு அடிக்கடி வருகின்றன. "கிராங்க் வேலை பார்த்து ஆறு மாதம் ஆகவில்லை, மறுபடியும் சத்தம்" என்பதுதான் வழக்கமான புகார். பேரிங் மட்டமானது என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் குறை அதில் இல்லை. கிராங்க்கைச் சேர்த்தபின் யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதே காரணம்.

இந்த எஞ்சின்களின் கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு சக்கரங்களையும் நடுவில் உள்ள பின்னையும் பிரஸ்ஸில் இறுக்கிச் சேர்த்திருப்பார்கள். கனெக்டிங் ராட் மாற்ற அவற்றைப் பிரித்தே ஆகவேண்டும். திரும்பச் சேர்க்கும்போது இரு பக்கத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் அதைத்தான் 'அவுட்' என்கிறோம். பட்டறையில் தெலுங்கு பேசினாலும் தமிழ் பேசினாலும் சொல் ஒன்றே.

அளக்கும் முறை:

1. கிராங்க்கை மண்ணெண்ணெயில் கழுவி, தண்டின் இரு முனைக் குழிகளையும் சுத்தம் செய்யுங்கள். அங்கே ஒரு தூசி இருந்தாலும் அளவு பொய்யாகும்.

2. லேத்தின் இரண்டு சென்டர்களுக்கு இடையில், ஆட்டம் இல்லாமலும் இறுகாமலும் நிறுத்துங்கள்.

3. டயல் கேஜின் ஊசியைப் பேரிங் உட்காரும் இடத்தில் செங்குத்தாகத் தொடவைத்து, சற்று அழுத்தி, முள்ளைப் பூஜ்யத்தில் வையுங்கள். சாவிக்காடியிலும் மரையிலும் வைக்கக்கூடாது.

4. கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் ஒருபுறம் 0.02, மறுபுறம் 0.03 மி.மீ. போனால் மொத்த அவுட் 0.05. மையம் விலகியிருப்பது அதில் பாதிதான்.

5. மறுபக்கத் தண்டிலும் இப்படியே பாருங்கள். முள் அதிகம் ஏறும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள்.

ஆர்.எக்ஸ். 100க்கு நான் வைத்திருக்கும் எல்லை 0.03 மி.மீ. இது தலைமுடியின் பருமனில் பாதிக்கும் குறைவு. கண்ணால் பார்த்து "சரியாயிருக்கு" என்று எவராலும் சொல்ல முடியாது.

இரு பக்கக் குறிகளும் எதிரெதிரே விழுந்தால் சக்கரங்கள் பின்னில் முறுக்கிக்கொண்டுள்ளன. சென்டரிலிருந்து இறக்கி, குறியிட்ட இடத்தில் சக்கர விளிம்பைச் செம்புச் சுத்தியலால் தட்டி, மறுபடி அளக்கவேண்டும். இரு குறிகளும் ஒரே பக்கம் விழுந்தால் சக்கரங்கள் ஒருபுறம் ஒடுங்கியோ விரிந்தோ உள்ளன. ஒடுங்கிய இடத்தில் ஆப்பு வைத்தும், விரிந்த இடத்தை வைஸில் அழுத்தியும் திருத்துவோம். இது பழகிய கைக்குரிய வேலை. வீட்டில் முயல வேண்டாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகவே செல்கிறது. தண்டு ஆடினால் பேரிங்கோடு ஆயில் சீலும் தேயும். வெளிக்காற்று உள்ளே புகும். கலவை நீர்த்து பிஸ்டன் சூடேறிச் 'சீஸ்' ஆகும். 1974-இல் திறந்த இரண்டாவது பாதையில் மனைவி, குழந்தையுடன் திருமலை ஏறும்போது பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படி நேர்ந்தால் உடனே கிளட்சைப் பிடிக்கவேண்டும் என்பதையும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கனடாவில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினிலும் இதே சோதனைதான். அங்கே சிலிண்டர்கள் கூடுதல் என்பதால் முறுக்கிக்கொள்ளக்கூடிய இணைப்புகளும் கூடுதல்.

ஆகவே அன்பர்களே, அடுத்தமுறை லேத்துப் பட்டறையில் கிராங்க்கைக் கொடுத்தால், வாங்கும்போது கூச்சப்படாமல் "அண்ணே, டயல் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. நல்ல தொழிலாளி அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரு பக்க அளவையும் பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.